பெட்டி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்

1.

இந்தக் கதை முதலில் ஒரு விண்ணப்பமாக இருந்தது. மைசூர் விஜயநகரில் எங்கள் தெருத் தமிழ்க் குடும்பங்கள் கொண்டாடும் பொங்கல் விழாவுக்கு ஒலிபெருக்கி வைக்க அனுமதி கேட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் எழுதியது. மனு, புகார், பாராட்டு, இரங்கல் என்று தெருவில் யாருக்கு எது வேண்டுமானாலும் எழுதித் தருவது பூங்குழலியாகிய நான்தான். நான் படித்த ஹனூர்ப் பள்ளியில் விடுப்புக் கடிதம் எழுதிப் பழகிய கை. காய்ச்சல் என்றால் எப்படிப்பட்ட காய்ச்சல் என்றும் எழுதுவேன். அப்படி எழுதியும் விண்ணப்பத்தில் அடங்காதது கொஞ்சம் மிஞ்சியது. அந்த மிச்சம்தான் இது.

கதையை இயற்கையில் தொடங்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தொடங்கினேன்.

சாமுண்டி மலைப் பக்கமிருந்து வரும் மார்கழிக் குளிர்காற்று மெல்ல

அந்த வரியை அடித்துவிட்டேன். காற்றுக்கு யாரும் அனுமதி கேட்கவில்லை.

ஒலி என்பது அறிவியலின்படி

வேண்டாம். ஹில்டா அக்காவிலிருந்து தொடங்குகிறேன்.

2.

ஹில்டா அக்கா எனக்கு எதிர்வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சர்ச்சிலும் சரி, தெருப் பொங்கலிலும் சரி, முதல் குரல் அவருடையது. போன பொங்கலன்று அவர் பாடிக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்து ஒலிபெருக்கியை நிறுத்தியது. பாட்டில் பாதிதான் முடிந்திருந்தது. சரி, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சிரித்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கினார்.

மழைக்காலத்தில் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போனது, குரலிலும் பெரும்பகுதி போனது. இப்போது அவர் பேசினால் காகிதம் மடிக்கிற சத்தம்தான் கேட்கும். ராகம் மட்டும் அப்படியே இருக்கிறது. கிட்டத்தில் காதைக் கொடுத்தால் தெரியும். மைக் இருந்தால் தெருவுக்கே தெரியும். கத்தக்கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார், பாடக்கூடாது என்று சொல்லவில்லை.

விழாக் குழுவில் சிலர், தவில்தான் இருக்கிறதே, மைக் வைத்து வம்பு எதற்கு என்றார்கள். அக்கா என் காதருகே குனிந்தார்.

"மைக் இல்லன்னா நான் மேடை ஏறல, பூங்குழலி. வாயத் தெறந்து தெறந்து மூட நான் என்ன தொட்டி மீனா?"

(அவரைக் கதையில் எழுதப்போகிறேன் என்றதும் ஒரு நிபந்தனை போட்டார்: "'பாவம்'னு ஒரு வார்த்தை வந்துச்சு, அடுத்த கிறிஸ்மஸுக்குக் கேக் கெடையாது." அவர் சொன்ன இடத்தைத் தவிர வேறெங்கும் அந்தச் சொல் இல்லை. சரிபார்த்துவிட்டேன்.)

3.

எஸ்.ஐ. முனிராஜ் என் விண்ணப்பத்தைக் கடைசி வரி வரை படித்தார். இணைப்பில் தெருவின் படமும் வரைந்திருந்தேன். மேடை, ஒலிப்பெட்டிகள், நாற்காலிகள், மூலைவீட்டுத் தென்னைமரம் எல்லாம் இருந்தன. தென்னைமரத்துக்கு அனுமதி தேவையில்லை என்று முதலில் தெரிவித்தார்.

"மத்ததெல்லாம் சரியா இருக்கும்மா. பசவராஜ் சாரோட ஒப்பிகெ* மட்டும் இல்ல. போன வருஷம் கம்ப்ளெயின்ட் பண்ணது அவர்தானே? அவர் எழுதிக் கொடுத்தா எனக்கும் சரி."

* சம்மதம். நாங்கள் தமிழில் பேசும்போதும் இந்தச் சொல் மட்டும் கன்னடத்தில்தான் வருகிறது.

4.

பசவராஜை நான் மூன்று முறை எழுதினேன். முதல் வரைவில் அவருக்குப் பெரிய மீசை வைத்தேன். இரண்டாவதில் ஒரு நாயைக் கொடுத்தேன். மூன்றாவதில் எங்கள் கோலத்தை அந்த நாய்

உண்மையில் அவரிடம் நாய் கிடையாது. மீசையும் சுமார்தான். மின்வாரியத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். மேடை போடும் இடத்துக்கு நேர் பின்னால் தனியாக இருக்கிறார். இத்தனை வருடத்தில் அவரிடம் நாங்கள் யாரும் பேசியதில்லை. எல்லாக் கதைக்கும் ஒரு வில்லன் வேண்டும் என்று அவரை அந்த இடத்தில் உட்கார வைத்திருந்தேன். விண்ணப்பத்தில் இப்படிச் செய்திருந்தால் அதைப் பொய்த் தகவல் என்பார்கள்.

5.

நான் எழுதிய சம்மதக் கடிதத்தோடு நானும் அக்காவும் அவர் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவரிடம் பேச்சை நான் தொடங்குவதாக ஏற்பாடு. அக்கா முந்திக்கொண்டார். கன்னடத்தில், அந்தக் காகிதக் குரலில், போன வருடம் பாதியில் நின்ற பாட்டு தன்னுடையது என்றார்.

பசவராஜுக்குக் கேட்கவில்லை. டிவியை அணைத்தார். அப்போதும் கேட்கவில்லை. மின்விசிறியையும் நிறுத்திவிட்டு நாற்காலியை அக்காவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அது என்ன பாட்டு என்று கேட்டார். அக்கா முதல் அடியை மெல்லப் பாடிக் காட்டினார். பசவராஜ் நாற்காலியின் விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு அவர் சொன்னதை என்னால் முடிந்த தமிழில் தருகிறேன்.

"இவ்வளவு நல்ல பாட்டா அது? உங்க பெட்டி என் வீட்டுக்கு முதுகக் காட்டிட்டு நின்னுச்சு. பாட்டே வரல, வெறும் டம்டம்தான். ஜன்னல் கண்ணாடி எல்லாம் ஆடுச்சு. பெட்டியத் திருப்பி வைக்கச் சொல்லித்தான் போன் பண்ணேன். வந்தவங்க, திருப்புறதுக்குச் சட்டம் இல்ல, நிறுத்துறதுக்குத்தான் இருக்குன்னுட்டாங்க."

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்புக்குச் சத்தம் இல்லை, தோள்கள் குலுங்கின. பசவராஜும் சிரித்தார்.

நான் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதியிருந்ததை அவர் அடித்தார். 'பெட்டி என் வீட்டுக்கு முதுகைக் காட்டினால் ஆட்சேபணை உண்டு' என்று தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டார். என் கடிதத்தில் இதுவரை யாரும் திருத்தம் செய்ததில்லை. இந்தத் திருத்தத்துக்கு முழு மதிப்பெண் போடலாம்.

முனிராஜ் அதைப் பக்கத்து மேசைக்காரரிடமும் படித்துக் காட்டிவிட்டு அனுமதி தந்தார். இரவு பத்து மணிவரை, குறிப்பிட்ட சத்தத்துக்குள், பெட்டிகள் பசவராஜ் வீட்டைப் பார்த்தபடி. ஆகவே மேடை தெருவின் எதிர்ப்பக்கம் போனது. நாற்காலிகள் எல்லாம் பசவராஜ் வீட்டு வாசலுக்கு வந்தன. முதல் வரிசையில் ஒன்றில் துண்டைப் போட்டு அவர் இப்போதே இடம் பிடித்துவிட்டார்.

6.

முடிவு அ: அக்கா பாடுகிறார், தெருவே கண்கலங்குகிறது. (கேக் கிடைக்காது.)

முடிவு ஆ: சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போகிறது. (முதல் வரிசையில் மின்வாரியத்துக்காரர் இருக்கிறார். போகவிட மாட்டார்.)

முடிவு இ: பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் தெரு

இல்லை. விழா நாளைக்குத்தான். எனக்கே தெரியாத முடிவுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? எனக்குத் தெரிந்ததெல்லாம் இன்று மாலை மைக் சோதனையில் நடந்ததுதான். அதுவும் இன்னும் முடியவில்லை. சத்தம் கூட்டும் குமிழுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

சற்றுமுன் அக்கா மைக்கைப் பிடித்தார். அது காகிதச் சத்தம்தான், ஆனால் தெருமுனை வரைக்கும் போன காகிதச் சத்தம்.

"பூங்குழலி, கதைய முடிச்சியா இல்லையா?"

மாடிகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. பசவராஜ் ஜன்னலைத் திறந்து, கேட்கிறது என்று கையை ஆட்டினார். பிறகு, போன வருடம் போலீஸைக் கூப்பிட்ட அதே மனிதர், இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு கூவினார்.

"ஸ்வல்ப ஜாஸ்தி மாடி!"

இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள் என்கிறார். குமிழ் பாதிகூடத் திரும்பவில்லை. அனுமதித்த அளவுக்கு இன்னும் இடம் இருக்கிறது. எழுதிக்கொண்டே குமிழைத் திருப்ப எனக்குக் கை வராது. ஆகவே குமிழை, இதைப் படிக்கிற நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். மெதுவாகத் திருப்புங்கள். அக்கா போன வருடம் விட்ட இடத்தை நினைவுபடுத்திக்கொண்டு, மூச்சை இழுக்கிறார்.