பிளக்கைப் பிடுங்கியும் நிற்காத தண்ணீர்

வாஷிங் மெஷினைத் திருப்பி எடுத்துப்போக என் அண்ணன் சேவுகப்பெருமாள் கீழச்சிவல்பட்டியிலிருந்து குட்டியானை லோடு வண்டியோடு கிளம்பிவிட்டார். காலையில் என் வீட்டுக்காரர் போனில் பேசிய பேச்சு அப்படி.

"ஓட்ட மெஷின வாங்கிக் குடுத்துருக்கீக மச்சான். வந்து எடுத்துட்டுப் போங்க."

அண்ணன் "வாரேன்" என்று வைத்துவிட்டார்.

அது வெறும் மெஷின் இல்லை. ஆத்தங்குடியில் இந்தப் புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது பிறந்த வீட்டுச் சீராக வந்தது. எங்கள் பக்கம் சீர் வாசல்படி தாண்டித் திரும்பிவிட்டால், கொடுத்தவர் அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பிடக் கை நனைக்க மாட்டார். என் சித்தி வீட்டில் ஒரு குத்துவிளக்கு அப்படித் திரும்பிப் போனது. இன்றைக்கும் அந்த இரண்டு குடும்பமும் இழவுக்குக்கூடப் போவதில்லை. எனக்கு இருப்பதோ ஒரே அண்ணன்.

மெஷின் மேல் என்ன புகார் என்றால், எவ்வளவு தண்ணீர் போனாலும் அது நிரம்பாது. மொட்டைமாடித் தொட்டிதான் காலியாகும். சோப்புத்தூள் துணிமேல் அப்படியே கிடக்கும். கீழே ஒரு சொட்டு ஒழுகினால்தானே ஓட்டை என்று சொல்லலாம், அதுவும் இல்லை. மெக்கானிக் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் மருதுபாண்டிக்கு அதுவரை பொறுக்குமா?

மனுஷர் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறார். மெஷின் நிற்கும் பின்கட்டில் பதித்த தரைக்கல் எல்லாம் அவரே கண்ணாடிமேல் கலர் ஊற்றிப் பூப்போட்டு வார்த்தவை. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கிற மாதிரி வைத்திருப்பார். பெற்ற பிள்ளை தடுக்கி விழுந்தாலும் முதலில் கல்லைத்தான் தடவிப் பார்ப்பார். அதன்மேல் சோப்புத் தண்ணீர் சிந்தக் கூடாதென்று, மெஷினின் கழிவுக் குழாயைச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஓர் ஒல்லிக் குழாயோடு பசை போட்டு ஒட்டி, சுற்றிலும் சிமெண்டு வைத்து அடைத்து, மேலே ஒரு பூக்கல்லையும் பதித்துவிட்டார். எறும்பு நுழைய இடமில்லை. அந்த ஒல்லிக் குழாய் சுவரைத் தாண்டி, கீழே வாழைப் பாத்தி வரை இறங்குகிறது.

போகிற மெஷினைக் கடைசியாக ஒருதரம் ஓட்டிப் பார்ப்போம் என்று தண்ணீர் விட்டேன். பாதி ஏறியது. அதற்குமேல் ஏறவில்லை. இதோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது என்று தண்ணீர்க் குழாயை அடைத்து, பிளக்கையும் பிடுங்கினேன். சத்தம் அடங்கியது. ஆனால் வெளியே வாழைப் பாத்தியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் அடங்கவில்லை.

மூடியைத் திறந்தேன். உள்ளே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பிளக் என் கையில் இருக்கிறது, தண்ணீர் தன்பாட்டுக்குப் போகிறது. கழிவுக் குழாயைத் தொய்வாக இருந்த இடத்தில் பிடித்து என் தோள் உயரத்துக்குத் தூக்கினேன். அப்போதும் நிற்கவில்லை. குழாய்க்குள் தண்ணீர் மேடேறி என் உள்ளங்கையைத் தாண்டிப் போவது சில்லென்று தெரிந்தது. எனக்குப் பயம் வரவில்லை. சாமி சன்னதியில் திரை விலகும்போது வருமே ஒரு நடுக்கம், அது வந்தது.

அப்புறம்தான் அண்ணன் நினைவுக்கு வந்தார். டீசல் பீப்பாயில் டியூபைப் போட்டு ஒரு தடவை உறிஞ்சி விடுவார். அது விளிம்பேறி, தானாக இறங்கி, கேனை நிரப்பிக்கொண்டே இருக்கும். டியூப் வாயை டீசலுக்கு மேலே தூக்கிக் காற்றுக் காட்டினால்தான் நிற்கும்.

"என்னங்க, இங்குட்டு வாங்க."

"என்னத்தக் காட்டப் போற" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிளக்கை அவர் கையில் வைத்தேன். பிளக்கைப் பார்த்தார், மெஷினுக்குள் பார்த்தார், வாழைப் பாத்தியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"லேகா, கரண்டே இல்லாம எப்புடிப் போகுது?"

"காத்துப் புகுற எடத்தையெல்லாம் அடச்சுட்டீக. முழங்கா ஒசரம் வந்ததும் வழிய ஆரம்பிக்குது. அப்புறம் தண்ணி ஒண்ணையொண்ணு புடிச்சு இழுத்துக்கிட்டே போகுது. மெஷினு என்ன செய்யும்?"

அவர் சுவரில் பதித்த பூக்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனுஷருக்குக் கல்லா, மச்சானா?

உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார். ஒரே தட்டு. பூ இரண்டாகப் பிளந்தது. சிமெண்டைப் பெயர்த்து, ஒட்டிய இடத்தை உளியால் நெம்பினார். 'ஸ்ஸ்ஸ்' என்று, வெகுநேரம் அடக்கி வைத்த மூச்சு மாதிரி ஒரு சத்தம். வாழைப் பாத்தியில் தண்ணீர் நூலாகி, நின்றது. மெஷினுக்குள் மிச்சத் தண்ணீர் அசையாமல் நின்றது. எங்கள் இரண்டு பேர் முகமும் அதில் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத காற்று ஒரு வாய் உள்ளே போனதற்கு அத்தனை தண்ணீரும் சொன்ன பேச்சுக் கேட்கிறது.

"அம்மாடி" என்றார் மெதுவாக.

ஒல்லிக் குழாயை உருவி எறிந்தார். பட்டறையில் கிடந்த தடித்த குழாயைச் சுவர் ஓட்டையில் விட்டு, இந்தப் பக்கம் இடுப்புக்கு மேலே நிமிர்த்தி, வாயைத் திறந்தே வைத்தார். கழிவுக் குழாயை அதற்குள் தொளதொளவென்று மாட்டிவிட்டார். பிளக்கைச் சொருகி, தண்ணீரைத் திறந்தோம். மெஷின் நிரம்பியது. துணி சுற்ற ஆரம்பித்தது.

அந்த நேரத்தில்தான் வாசலில் வண்டி வந்து நின்றது. அண்ணன் தோளில் கயிற்றோடு பின்கட்டு வரைக்கும் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. நான் கொடுத்த தண்ணீரையும் வாங்கவில்லை.

"கட்டிரலாமா?"

"செத்த இருங்க மச்சான். தண்ணி வடியட்டும்."

மெஷின் தண்ணீரைத் தள்ளியது. தடித்த குழாய் ஒரு மடக்குக் காற்றை விழுங்கி, 'களக்' என்று மொத்தத்தையும் கீழே அனுப்பியது. அண்ணன் அதைப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த பூக்கல் துண்டுகளைப் பார்த்தார். அந்தக் கல் தன் மாப்பிள்ளைக்கு என்னவென்று அவருக்குத் தெரியும்.

"கல்ல ஒடச்சுட்டீகளா மாப்ள?"

"மெஷின்ல ஒரு கொறையும் இல்ல மச்சான். நாந்தான் மூச்சு விட எடமில்லாம அடச்சுட்டேன்."

சொல்லிவிட்டு, அண்ணன் தோளிலிருந்த கயிற்றை உருவி, தூணுக்கும் தென்னைக்கும் நடுவில் இழுத்துக் கட்டினார். ஈரச் சட்டை ஒன்றை உதறி அதில் போட்டார். சட்டை நுனியிலிருந்து பூக்கல் தரையில் தண்ணீர் சொட்டியது. அவர் குனிந்து பார்க்கவில்லை.

அண்ணன் செருப்பைக் கழற்றினார்.

நான் இலை அறுக்க வாழைப் பாத்திக்கு ஓடினேன்.