ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது

1

இந்தக் கதைக்குள் நான் வந்தது எடைக்காக. "அக்கா, சனிக்கிழமை சும்மாதானே இருக்க? வந்து பின் சீட்ல உக்காரு. ஆள் ஏத்தாம ஓட்டினா வண்டி மேட்டுல இழுக்குமான்னு எப்படித் தெரியும்?" என்றான் தம்பி. கதை எழுதுகிறவளை யார் யாரோ எதற்கெதற்கோ கூப்பிட்டிருக்கிறார்கள். மூட்டைக்குப் பதிலாகக் கூப்பிட்டது இவன் ஒருவன்தான்.

கார் அவனுக்கில்லை. அவனிடமிருந்து விவாகரத்து வாங்கியவளுக்கு. அவள் கால்நடை மருத்துவர். மலைமேல் வேலை கிடைத்து, மகள் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறாள். அங்கே உடம்பு சரியில்லாத மாடு இவளைத் தேடி இறங்கி வராது. செங்குத்தான சாலைகளில் இவள்தான் ஏறிப் போகவேண்டும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: மேகங்கள் உரசும் மலைச்சரிவில், கொண்டை ஊசி வளைவொன்றில், அவள்

வேண்டாம். நாங்கள் நின்றது கார் விற்கும் கண்ணாடிக் கூடத்தில், ஏ.சி.க்கு நேர் கீழே.

தம்பியின் வேலையைச் சொல்லியாக வேண்டும். (சொன்னால், கதைக்காகச் சேர்த்தது என்பீர்கள். என்ன செய்வது, அவன் வேலை அதுதான்.) விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சேதம் எவ்வளவு என்று சொல்கிறவன். புத்தம் புது வண்டியைக் காட்டினாலும் எந்தப் பக்கம் நசுங்கும் என்றுதான் அவன் கண் போகும். வீட்டிலும் அதே கண். அவள் படி இறங்கினால் "பாத்து". அடுப்பைப் பற்றவைத்தால் "பாத்து". வண்டியை எடுத்தால் "க்ளட்ச், க்ளட்ச்". அவன் அன்பெல்லாம் எச்சரிக்கையாகவே வெளியே வந்தது. கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

பிரிவதற்கு முன் அவனை "நீ, வா, போ, டேய்" என்பாள். இப்போது "நீங்க". நம் மொழியில் தூரத்தை அளக்க வேறு கருவி வேண்டாம். என்னை மட்டும் இன்னும் "அண்ணி" என்கிறாள். அதை ரத்து செய்யக் கோர்ட்டுக்குத் தோன்றவில்லை போல.

3

அவன் கண் பெரிய வண்டிமேல். அவள் கண் சின்னதன்மேல்.

"பெருசே எடுங்க மேடம். ஃபேமிலிக்கு அதான் சேஃப்டி," என்றார் விற்பனையாளர்.

"ஃபேமிலின்னா நானும் பாப்பாவும்தான்."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி டயரைப் பார்த்தான்.

"வளைவுல எதிர்ல பஸ் வந்தா ஒதுங்கணும். இவ்ளோ அகலத்தை வச்சுக்கிட்டு எங்க ஒதுங்கறது?" என்று அவனிடம் கேட்டாள்.

"சரிதான்," என்றான். (நம்புங்கள். அவன் வாயில் இந்தச் சொல்லை எழுதும்போது எனக்கே சந்தேகமாக இருந்தது.)

பிறகு சின்ன வண்டியின் பின்பக்கம் ஏறி, ஆறடி உடம்பைப் பாப்பா உயரத்துக்குச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

"என்ன பண்றீங்க?"

"இங்கேருந்து ரோடு தெரியுதான்னு பாக்கறேன். வெளிய தெரியலைன்னா அவளுக்குக் குமட்டும்."

அவள் கதவைப் பிடித்தபடி குனிந்தாள். "தெரியுதா?"

"தெரியுது."

4

எங்கள் ஊரில் மேடு என்று இருப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் சாலை ஒன்றுதான். சின்ன வண்டியை அவள் ஓட்டினாள். பக்கத்தில் தம்பி. பின்னால் மூட்டைகளாக நானும் விற்பனையாளரும். பாதி ஏற்றத்தில் முன்னால் போன லாரி நின்றது. எங்களுக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஒட்டி வந்து நின்றது. லாரி நகர்ந்ததும் அவள் எடுத்தாள். என்ஜின் அணைந்து வண்டி பின்னால் வழுக்கியது. பிரேக். மறுபடி எடுத்தாள். மறுபடி வழுக்கியது. ஸ்கூட்டர்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

(இங்கே ஹேண்ட்பிரேக்கின்மேல் இருவர் கையும் பட்டதாக எழுதினேன். அடித்துவிட்டேன். படவில்லை. தம்பி தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தான். பின்னாலிருந்து அவன் முகத்தில் காது மட்டும் தெரிந்தது. சிவந்திருந்தது.)

"டேய், கல்லு மாதிரி உக்காந்திருக்கியே, ஏதாவது சொல்லித் தொலையேன்டா!"

அவன் திரும்பவில்லை. "உனக்குத் தெரியும். எடு."

அவள் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். ஒரு மூச்சு விட்டாள். க்ளட்சை மெல்லத் தளர்த்தி, வண்டியின் மூக்கு லேசாக நிமிரும்வரை காத்திருந்து, பிரேக்கை விடுவித்தாள். ஒரு விரற்கடைகூடப் பின்வாங்காமல் வண்டி ஏறியது. நான் கைதட்டினேன். விற்பனையாளரும் தட்டினார்.

மேலே போய் நிறுத்தியதும், "சாரிங்க. வாய் தவறிடுச்சு," என்றாள்.

"பரவால்ல. கேட்டு நாளாச்சு," என்றான்.

5

சின்ன வண்டியையே வாங்கினாள். அதில் சிக்கல் இல்லை. சிக்கல் முடிவில்தான்.

முடிவு ஒன்று: இருவரும் சேர்ந்து மலையேறுகிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு மேட்டில் வாயை மூடியவன் ஆயுசுக்கும் மூடுவானா? நான் அவனோடு வளர்ந்தவள்.

முடிவு இரண்டு: மழை. ஈரமான வளைவு. எதிரே

எழுத மாட்டேன். மலைப்பாதையையும் காரையும் சேர்த்துக் கொடுத்தால் எழுதுகிற கை தானாகப் பள்ளத்தாக்கைத் தேடும். அந்தப் பின் சீட்டில் என் மருமகள் பாப்பா உட்கார்ந்திருக்கிறாள். கதை கெட்டால் கெடட்டும்.

6

நேற்று மத்தியானம் அவளிடமிருந்து போன். "அண்ணி, நல்லபடியா வந்து சேந்துட்டோம். அவர்கிட்ட நீங்க சொல்லிடுங்களேன்."

"நீயே சொல்லேம்மா."

அங்கே காற்று இரைவது கேட்டது. "பாக்கறேன்," என்று வைத்துவிட்டாள்.

நான் முந்திக்கொள்ளக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். டீ போட்டுக் குடித்தேன். இந்தக் கதையில் இரண்டு வரிகளைத் திருத்தினேன். அவன் எங்கோ நசுங்கிய வண்டிக்கு முன்னால் நின்று போனையே பார்த்துக்கொண்டிருப்பான் என்று தோன்றியதும் மனசு கேட்கவில்லை. கூப்பிட்டேன்.

லைன் பிஸி.

ஆபீஸ் போனாக இருக்கலாம். லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாகவும் இருக்கலாம். கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டேன். இன்னும் பிஸி. அப்புறம் நான் கூப்பிடவில்லை. இதுவரை அவனிடம் கேட்கவும் இல்லை. அவ்வளவு நேரம் யாரோடு பேசிக்கொண்டிருந்தான் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.