உதடு முந்தி, குரல் பிந்தி

2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், தாம்பரத்தை அடுத்த செம்பாக்கத்தில், நான்கு வயது கேஷவுக்கு உதடு அசைந்து முடிந்த பிறகே குரல் வந்துகொண்டிருந்தது. கண் விழித்தது முதல் டப்பிங் கார்ட்டூன் பார்த்துப் பேசக் கற்ற பிள்ளை. "மம்மி, எனக்குக் கடுமையாகப் பசிக்கிறது!" என்று கணீரென்று கேட்கும், அப்போது வாய் மூடியிருக்கும். உறவினர்கள் உச்சரிப்பை மெச்சினார்கள். அப்பா ஸ்ரீநிவாசராகவன் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அவனைப் பேசிக்காட்டச் சொன்னார். அம்மா சுப்ரஜாவுக்கு ஒரே குறை, பிள்ளை தன்னை ஒரு தடவைகூட அம்மா என்று கூப்பிட்டதில்லை.

செப்டம்பர் ஒன்றாம் தேதி, செட்டாப் பாக்ஸ் இல்லாத சென்னை வீடுகளில் கட்டணச் சேனல்கள் நின்றன. கேஷவின் குரலும் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. கேபிள்காரர் குணா வந்து டிவியைப் பார்த்தார், பிறகு பையனைப் பார்த்தார்.

"இன்னா சார், புள்ள மொத்தமும் பே சேனலா கீது? பாக்ஸ் போட்டாத்தான் சவுண்டு வரும்."

"ஃப்ரீ சேனல் பார்த்தா வராதா குணா?" என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

"வரும் சார். நெல்லுக்கு உரம் போடறத பத்திப் பேசுவான், பரவால்லியா?"

குழந்தை டாக்டரோ டிவியை அணைத்துவிட்டுப் பிள்ளையோடு பேசச் சொன்னார், அது எவ்வளவு கடுமையான வைத்தியம் என்று அறியாமல். அன்று மாலை மூவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். ஸ்ரீநிவாசராகவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ரயில் தாமதமானதைச் சொன்னார். வேறு எதுவும் தோன்றாததால் முந்தின நாள் தாமதத்தையும் சொன்னார்.

"கதை ஏதாவது சொல்லுங்களேன்."

"எனக்குத் தெரிஞ்சது எட்டரை மணி சீரியல்தாண்டி. அதுவும் பாதியிலே நிக்கறது."

ஆகவே சுப்ரஜாவே பேசினாள். ஒழுகும் குழாயைப் பற்றி, ஏரியில் இறங்கும் கொக்குகளைப் பற்றி, தன் நாத்தனாரின் கருமித்தனத்தைப் பற்றி. மாலைதோறும் பையன் அவள் வாயையே திரையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மாலை அவன் உதடும் குரலும் ஒன்றாக வந்தன. சற்றுக் கம்மிய, யாரும் கேட்டிராத குரல்.

"அம்மா."

அவள் அவனை வாரி அணைத்துக்கொண்டாள்.

"டிவி போடு."

போட்டாள். முதன்முதலாக அம்மா என்று அழைத்துக் கேட்கும் பிள்ளைக்கு எப்படி மறுப்பது?

தீபாவளிக்குள் பாக்ஸ் வந்தது. கார்ட்டூன் வந்தது, கணீர்க் குரல் வந்தது, மம்மியும் வந்தாள். அம்மா என்று கேட்கத் தோன்றும்போது சுப்ரஜா டிவியை அணைத்துவிடுவாள்.