மூன்று பேருக்கான தீவு

தீவுக்குப் போவதென்று முடிவானதிலிருந்து அந்த வீட்டில் ஆளுக்கொரு கிறுக்குப் பிடித்திருந்தது. முதலில் பிடித்தது எக்ஸ்ரேக்காரிக்குத்தான். ஆஸ்பத்திரியில் அடுத்தவர் எலும்பைப் படம் பிடிக்கிற வேலை அவளுக்கு. மத்தியான இடைவேளையில் கைபேசியில் அந்தத் தீவைத் திறந்து வைத்துக்கொள்வாள். தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் மரக்குடிலையும், அதன் படிக்கட்டு நேராகக் கடலுக்குள் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே சாப்பாட்டை ஆறவிடுவாள். இரண்டு விமானம் ஏறி, அதற்கப்புறம் படகும் பிடித்துப் போக வேண்டிய தூரம். அவளுடைய சின்னப் பெண்ணுக்கோ பஸ்ஸில் உட்கார்ந்தாலே குமட்டும். அதற்கு எந்த மாத்திரை, விமானம் மாறுகிற இடத்தில் அவளை எங்கே படுக்க வைப்பது, படகில் எந்தப் பக்கம் ஆட்டம் குறைவு என்று எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் தன்னைப் பற்றிக்கூட இவள் இவ்வளவு விசாரிக்கவில்லை என்பான் அவள் புருஷன்.

அவனுக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற வேலை. இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது தொழில். வீட்டுக்கு வந்தால் இரண்டு பெண்களுக்கு நடுவே தானே மாட்டிக்கொள்வான், அங்கே வெளியே எடுக்க ஆள் கிடையாது. ஒருத்தி பெண்டாட்டி. இன்னொருத்தி அவனுடைய அக்கா.

அக்கா கல்யாணம் கட்டிக்கொள்ளாதவள். துணி வெளுக்கிற கடையொன்றில் காலை வேளையில் இஸ்திரி போடுகிறாள். தம்பிக்குக் குழந்தை பிறந்தபோது கொஞ்ச நாள் ஒத்தாசைக்கு என்று வந்தாள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. குழந்தை இரண்டாம் வகுப்புக்கே போய்விட்டாள். சுண்டு என்று கூப்பிடுவார்கள். சுண்டுவின் முதல் பல் விழுந்தது அத்தையின் உள்ளங்கையில். சைக்கிளில் பின்னால் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு மூச்சு வாங்க ஓடியது அத்தை. ஷிப்டு முடிந்து அம்மா வந்து சேரும்போது எல்லாமே நடந்து முடிந்த சேதியாகத்தான் கிடைக்கும்.

புருஷனின் அக்காவை எக்ஸ்ரேக்காரி அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அந்த அண்ணி மேல் ஒரு குறை சொல்ல முடியாது. அவளுக்கு அதுதான் பெரிய கஷ்டம். குறை இருந்திருந்தால் என்றைக்காவது ஒரு சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். நல்லவர்களோடு எதை வைத்துச் சண்டை போடுவது?

போன வருஷம் சுண்டு பள்ளிக்கூடத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்காரர்கள் அத்தைக்குத்தான் போன் செய்தார்கள். யாரைக் கூப்பிட என்று கேட்டதற்குக் குழந்தை சொன்ன ஆள் அவள்தான். அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு நேராக அம்மா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே வந்தாள். அந்த நேரத்தில் எக்ஸ்ரே அறையில் வேறு ஆள் இல்லை. படம் எடுக்கிறவள் கண்ணாடிக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், அது சட்டம். குழந்தை ஆடாமல் இருக்க வீட்டு ஆள் ஒருவர் ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் பிடித்துக்கொள்ளலாம். அங்கியைத் தன் கையாலேயே அண்ணிக்கு மாட்டிவிட்டு, எக்ஸ்ரேக்காரி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். உள்ளே சுண்டு அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா பொத்தானை அழுத்தினாள். படம் துல்லியமாக வந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில்தான் இந்தத் தீவு அவள் மனதில் முளைத்தது. எங்கேயாவது வெகு தூரத்துக்கு, அவளும் புருஷனும் குழந்தையும் மட்டும். அங்கே விழுந்து அடிபட்டாலும் குழந்தை ஓடி வருவதற்கு அம்மாவைத் தவிர வேறு மடி இருக்கக் கூடாது. இப்படி நினைப்பது அற்பத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் மூன்று பேருக்கு இடம் பதிவு செய்தாள்.

அண்ணியிடம் யார் சொல்வது என்பது மட்டும் தள்ளிக்கொண்டே போனது. அவன் சொல்வான் என்று இவள் இருந்தாள், இவள் சொல்லிக்கொள்ளட்டும் என்று அவன் இருந்தான். நடுவில் சுண்டு சொல்லிவிட்டாள்.

சுண்டுவின் தமிழில் ஒரு கோளாறு உண்டு. அவளுக்கு ‘நாங்க’ என்ற சொல்லே கிடையாது, எல்லாம் ‘நாம’தான். பள்ளிக்கூடத்துப் பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அந்த வித்தியாசம் அவள் காதில் ஏறவில்லை. “அம்மா, நாம இன்னிக்கு கிளாஸ்ல பாட்டுப் பாடினோம்” என்பாள். “அப்படியா, நான் எந்த பெஞ்சுல உக்காந்திருந்தேன்?” என்று அம்மா கேட்பாள். அத்தை விழுந்து விழுந்து சிரிப்பாள். அது அந்த வீட்டின் தேய்ந்துபோன பழைய ஜோக். அப்படிப்பட்ட சுண்டு ஒரு நாள் அத்தையிடம் போய், “அத்தை, நாம தீவுக்குப் போறோம்” என்று சொன்னாள். அன்றைக்கு மட்டும் அத்தை சிரிக்கவில்லை.

இது எக்ஸ்ரேக்காரிக்குத் தெரிய வந்தது ஒரு சாயங்காலம். வேலையிலிருந்து வந்தவள் அடுப்படியில் அண்ணியைப் பார்த்தாள். தலை ஈரமாக இருந்தது, குளோரின் வாடை அடித்தது.

“தலைக்குக் குளிச்சீங்களா அண்ணி?”

“குளிக்கல, நீந்தினேன்னு சொல்லிக்கத்தான் ஆசை. இன்னும் மிதக்கவே விடமாட்டேங்குது இந்த உடம்பு.” அண்ணி வெட்கத்தோடு துண்டால் தலையைத் துவட்டினாள். “நம்ம தெரு நீச்சல் குளத்துல பெரியவங்களுக்குன்னு தனியா சொல்லித் தராங்க. ரெண்டு வாரமாப் போறேன். சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல.”

“திடீர்னு எதுக்கு அண்ணி?”

“பின்ன? சுண்டு கடல்ல இறங்குவா. கூட இறங்க ஆள் வேணாமா? தம்பிக்கு வாளித் தண்ணியக் கண்டாலே பயம். உனக்கும் நீச்சல் வராது. குடில்லேருந்து நேரா கடலுக்குள்ள படி இருக்காமே, குழந்தை சொல்லுச்சு. நாம மூணு பேரும் கரையில நின்னு கத்திக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?” பிறகு குரலைத் தாழ்த்தி, “என் பாஸ்போர்ட் பீரோவுல மேல் தட்டுலதான் இருக்கு. வேணுங்கறப்ப எடுத்துக்கோ. கடையில லீவு சொல்லிட்டேன்” என்றாள்.

 இத்தனை விசாரித்தவளுக்கு, கடலுக்குள் இறங்குகிற படியில் குழந்தையோடு யார் இறங்குவது என்று மட்டும் தோன்றவே இல்லை. அதை நினைத்தவள் அண்ணி. நீச்சல் குளத்தில், அந்த வயதில், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே நனைந்த உடையோடு நின்று மிதக்கப் பழகியிருக்கிறாள். பாவமாக இருந்தது. அந்தப் பாவத்துக்கு அடியில் பழைய எரிச்சலும் அப்படியே இருந்தது. இதிலும் முந்திக்கொண்டுவிட்டாளே.

அறைக்குள் போய்ப் புருஷனைப் பிடித்தாள்.

“உங்க அக்கா நம்மகூட வர்றதா நினைச்சிட்டிருக்காங்க.”

“அடக் கடவுளே. யாரு சொன்னா?”

“உங்க பொண்ணோட ‘நாம’.”

அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். “அக்காவுக்குத் தெரியுமே, அவ எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்வான்னு.”

“தெரியும். இந்தத் தடவை தெரிஞ்சுக்க வேணாம்னு இருந்துட்டாங்க.”

கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். “நீயே பக்குவமா சொல்லிடேன். உனக்கு அதெல்லாம் வரும்.”

“உங்க அக்கா. நீங்க சொல்லுங்க.”

“இல்லைன்னா ஒண்ணு பண்ணு. இன்னொருத்தருக்கு இடம் கிடைக்குமான்னு அந்த டிராவல்ஸ் பொண்ணைக் கேளேன். கிடைச்சா கூட்டிட்டுப் போயிடுவோம். கிடைக்கலைன்னா, கிடைக்கலைன்னு சொல்லிடலாம். யார் மனசும் நோகாது.”

எந்தப் பக்கம் கதவு திறந்தாலும் தான் மட்டும் வெளியே குதித்துவிடுகிற யோசனை. ஆனாலும் மறுநாள் இடைவேளையில் அவள் போன் செய்தாள். இடம் இல்லை என்று சொல்லிவிடு தாயே என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேதான் கேட்டாள். டிராவல்ஸ் பெண் மறுமுனையில் தட்டிப் பார்த்துவிட்டு, “தாராளமா மேடம். அதே குடில்ல இன்னொரு கட்டில் போட்டுத் தருவாங்க. ஃப்ளைட்லயும் உங்க வரிசையிலேயே சீட் காலியா இருக்கு. போட்டுடட்டுமா?” என்றாள்.

வரிசையிலேயே காலியாக இருக்கிறது. நோயாளிகளிடம் நாள் முழுக்க மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறவள் இப்போது தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “யோசிச்சுச் சொல்றேங்க” என்று வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம், “இடம் இல்லையாம்” என்றாள். அவன் நிம்மதியாக மூச்சு விட்டான். அவன் ஒரு கேள்வியாவது கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாளோ என்னவோ. கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி கூடத்தில் சுண்டுவின் பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரேக்காரி சொல்ல வேண்டியதை மனதுக்குள் நாலைந்து விதமாக அடுக்கி வைத்திருந்தாள். விமானம், கட்டில், குடிலின் சட்டதிட்டம் என்று சுற்றி வளைத்து வந்து மெதுவாக இறங்குவதாக ஏற்பாடு. வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

“அண்ணி, நாங்க ஊர்ல இல்லாதப்ப ஜன்னலோரச் செடிக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்தணும்.”

அவ்வளவுதான். அடுக்கி வைத்த எதுவும் தேவைப்படவில்லை. அண்ணியின் கை சட்டைக் காலரின் மேல் நின்றது. துணி தீய்ந்துவிடும் என்று பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். எத்தனை அவசரத்திலும் அவள் துணியைத் தீய்த்தது கிடையாது.

“நீங்க... மூணு பேரும்” என்றாள்.

“ஆமா அண்ணி. அந்தக் குடில்ல மூணு பேருக்குத்தான் இடமாம்.”

“கேட்டுப் பாத்தியாம்மா?”

“கேட்டேன் அண்ணி. இல்லைன்னுட்டாங்க.”

அண்ணி அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சரிம்மா” என்றாள். “எனக்கும் படகுல எல்லாம் ஏறி எறங்க முடியாது. சின்னஞ்சிறுசுங்க போயிட்டு வாங்க.” மறுபடியும் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். “சுண்டுக்குக் காதுல தண்ணி போனா உடனே வலிக்கும், பாத்துக்கோ. படியில தனியா விட்டுடாத. நீயும் முடிஞ்சா அந்தக் குளத்துக்குப் போய்க் கத்துக்கயேன். நல்லா சொல்லித் தராங்க.”

எக்ஸ்ரேக்காரி தலையாட்டிவிட்டு உள்ளே வந்து பயணப் பெட்டியைத் திறந்து போட்டாள். குழந்தையின் வெயில்காலத் துணிகளில் எது பத்தும், எது பத்தாது என்று எடுத்து வைக்க வேண்டியிருந்தது. நினைத்தது நடந்துவிட்டது. சண்டை இல்லை, அழுகை இல்லை. இருந்தும் வெட்கமாக இருந்தது.  ஒரு போன் போதும். சீட் இன்னும் காலியாகத்தான் இருக்கும். நாளைக்குச் செய்துவிடலாமா என்று ஒரு சின்னச் சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

கூடத்தில் சுண்டு ஓடி வருகிற சத்தம் கேட்டது.

“அத்தை, நாம போட்ல போறப்ப மீன் தெரியுமா?”

“நாம இல்லடி கண்ணு. நாங்கன்னு சொல்லணும்.”

“ஏன்?”

“நீ யார்கிட்ட பேசறியோ, அவங்களும் உன்கூட இருந்தா நாம. அவங்க இல்லைன்னா நாங்க. நீ என்கிட்டதானே சொல்ற? நான் வரலையே. அப்ப நாங்கதான்.”

இத்தனை வருஷமாக அந்த வீட்டில் சிரித்துச் சிரித்தே விட்டுவிட்ட பாடத்தை அண்ணி அன்றைக்கு நிதானமாக நடத்தி முடித்தாள். சுண்டு அதை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்.  

கொஞ்ச நேரம் கழித்து சுண்டு அறை வாசலில் வந்து நின்றாள். முகத்தில் பரீட்சைக்கு வந்தவள் போல ஒரு கவனம்.

“அம்மா, நாங்க வரல.”

பழக்க தோஷம். அம்மாவுக்கு அந்தப் பழைய சிரிப்பு உதடு வரைக்கும் வந்துவிட்டது. “யாருடி அது நாங்க?”

“நானும் அத்தையும். அதுல நீ இல்லல்ல, அதான் நாங்க.” சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். “சரியாச் சொன்னேனாம்மா?”

எக்ஸ்ரேக்காரி கையிலிருந்த சின்னச் சட்டையைப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு வெளியே எடுத்தாள்.

“சரியாத்தான் சொன்ன” என்றாள்.