ஏழு தட்டுப் பாட்டு

"கடினமே கானத்தின் உயிர், எளிமை அதன் சவப்பெட்டி." இஸ்ரவேல் உபதேசியார் தம் கீர்த்தனைப் புத்தகத்தின் முகவுரையை இந்த வாக்கியத்தோடுதான் தொடங்கியிருந்தார். பாளையங்கோட்டையில் அச்சடித்து, ஏரலுக்குப் பக்கத்திலிருந்த தம் ஊருக்கு மாட்டுவண்டியில் கொண்டுவந்த முந்நூறு பிரதிகளும் அவர் மனைவி ஹெப்சிபாவின் கட்டிலுக்கடியில் ஆறு வருஷமாகக் கிடந்தன. முகவுரையைத் தாண்டிப் போனவை கறையான்கள் மட்டுமே.

திசையன்விளைக் கருப்பட்டி வியாபாரி அப்பாத்துரைக்கு முகவுரை எழுதத் தெரியாது. இரண்டிரண்டு அடியாகப் பதினொரு சரணம், எல்லாவற்றுக்கும் ஒரே மெட்டு என்று ஒரு பாட்டுக் கட்டி, சிறு புத்தகமாக அச்சடித்துக் காலணாவுக்கு விற்றார். 'போறேன் ஐயா, போறேன், உம்ம வாசல் தேடிப் போறேன்.' கமலை இறைக்கிறவன் பாடினான். நாற்று நடுகிறவள் பாடினாள். நாலாம் பதிப்பும் தீர்ந்தது.

"அது பாட்டா வே? மாட்டுக்குப் பருத்திக்கொட்டை. அந்தப் புஸ்தகத்த நான் கையால தொட்டதில்ல" என்பார் இஸ்ரவேல். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, போகிற வழியில் அதையே முணுமுணுத்துக்கொண்டு போவார்கள்.

அந்த வருஷம் ஆற்றில் வெள்ளம் வடிந்த கையோடு வாந்திபேதி வந்தது. ஹெப்சிபாவுக்குக் காலையில் கண்டது. மத்தியானத்துக்குள் கண் குழிந்துவிட்டது. குனிந்த கணவரிடம் சொன்னாள்:

"என்னைய எடுக்கும்போது அப்பாத்துரை அண்ணாச்சி பாட்டப் பாடச் சொல்லுங்க."

"நம்ம பாட்டு இருக்கும்போதா?"

"உங்க பாட்டு நல்லாத்தான் இருக்கு. நடுவுல மூச்சு விடத்தான் எடமில்ல."

"பேசாமப் படு" என்றார். அவள் அதற்குப் பிறகு பேசவில்லை.

கொள்ளைநோய்ப் பெட்டிக்குத் தோள் கொடுக்க நாலே பேர்தான் வந்தார்கள். பின்னால் நடந்த ஏழெட்டுப் பேருக்கு, கறையான் மிச்சம் வைத்த பிரதிகளைக் கொடுத்துவிட்டு இஸ்ரவேல் தாமே பல்லவி எடுத்தார். ஆகிரி ராகம், ஏழு தட்டுத் தாளம். உயிரோடிருந்தபோது அவள் பாடாததை இன்றாவது அவளுக்காக ஊர் பாடட்டும் என்றிருந்தது அவருக்கு. மனிதனுக்கு இரண்டு கால் என்பதை அந்தத் தாளம் யோசித்திருக்கவில்லை. முன்னால் இருவர் வலது காலை வைக்க, பின்னால் இருவர் இடது காலை வைத்தார்கள். பெட்டி சாய்ந்தது. உள்ளே ஹெப்சிபா ஒரு பக்கமாக உருண்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"உபதேசியாரே, பைய! பெட்டி தோள விட்டுப் போவுது" என்றான் முன்கட்டையைப் பிடித்திருந்த தேவமணி.

"தாளத்துக்கு நட வே. இது அவளுக்குன்னு வச்சிருந்த பாட்டு."

"தாளத்துக்குத்தான் நடக்கோம். அதுக்கு ஆளுக்கு மூணரைக் காலுல்லா வேணும்!"

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாக்கியவதி பின்னாலிருந்து, கேட்டும் கேட்காமலும், 'போறேன் ஐயா' என்று எடுத்தாள். ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். எட்டுக் கால்களும் ஒன்றாக விழுந்தன. பெட்டி நிமிர்ந்து, தெளிந்த தண்ணீரில் தோணி போவதுபோலப் போயிற்று. இஸ்ரவேல் தம் புத்தகத்தை மடக்கிச் சட்டைப்பைக்குள் திணித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

எட்டாவது சரணத்தில் கூட்டத்துக்கு வார்த்தை மறந்துபோயிற்று. மெட்டு அறுந்தது. கால்கள் தயங்கின. பெட்டி மறுபடியும் ஒரு விரற்கடை சாய்ந்தது. அப்போது ஒரே ஒரு குரல் விட்ட அடியை எடுத்துக்கொடுத்தது. கல்லறைத் தோட்டத்து வாசல் வரைக்கும் எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று சரணங்கள் ஒரு சொல் பிசகாமல் வந்தன.

பாடிக்கொண்டிருந்த இஸ்ரவேல் உபதேசியாரின் கையில் அந்தப் புத்தகம் இல்லை.