பவுல் எழுதாத கடிதம்

ஏழு பக்கக் கட்டுரையை முப்பத்தெட்டுப் பிரதிகள் எடுத்து வந்திருந்தாள் மார்லிஸ். ஆராதனை முடிந்ததும், சபைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நான்தான் அவற்றைக் கொடுத்தேன். பாதிப் பேர் அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்தார்கள். வெண்டல் தன் பிரதியை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் செருகினான். மார்லிஸ் அதைப் பார்க்காதவள் போல இருந்தாள். பன்னிரண்டு வருட உழைப்பு அது.

எங்கள் போதகர் ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகிறது. நெப்ராஸ்காவின் இந்த மூலைக்கு வேறு யாரும் வருவதாக இல்லை. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பேசுகிறவள் என் மனைவி மார்லிஸ்தான். ஆனால் அதை யாரும் பிரசங்கம் என்று சொல்ல மாட்டார்கள், 'பகிர்தல்' என்பார்கள். மேடையில் ஏறவும் விடமாட்டார்கள். பாடகர் குழுவின் இசைத்தாள் தாங்கியைக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு, அதன் முன்னால் நின்று பேசுவாள். எல்லாம் பைபிளில், பவுல் திமோத்தேயுவுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் முதல் கடிதத்தில் வரும் ஒரு வரியால். பெண் போதிக்கக் கூடாது, அமைதலாயிருக்க வேண்டும் என்கிறது அது. மார்லிஸ் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே, விடுமுறை நாட்களில் ஓமஹா நகரத்துக்குப் போய், அந்தக் கடிதங்களின் மூலமொழியான கிரேக்கம் படித்தாள். எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அந்தக் கடிதங்களை ஒவ்வொரு சொல்லாக எண்ணினாள். நான் கூட்டுறவுக் கிடங்கில் சோள வண்டிகளை எடைபோடுகிறவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் எடைதான். அவள் சொன்ன கணக்கு எனக்குப் புரிந்தது. மூன்றில் ஒரு பங்குச் சொற்கள் பவுலின் மற்றக் கடிதங்களில் எங்குமே இல்லை. அந்தக் கடிதம் காட்டும் சபை நடப்பதும் பவுல் காலத்து ஒழுங்கில் இல்லை. எழுதியது வேறொருவர். அப்படியென்றால் அவள் மேடையேறத் தடையில்லை; அதை வாக்குக்கு விடத்தான் அந்தக் கூட்டம்.

"சரி டீச்சரம்மா, பவுல் எழுதலைன்னா யாரு எழுதினது?" என்றான் வெண்டல்.

"தெரியாது, வெண்டல்."

"பன்னெண்டு வருஷம் படிச்சும் ஒரு பேரு கிடைக்கலையா?"

சிரிப்பு எழுந்தது. மார்லிஸ் பொறுமையாகச் சொன்னாள், "பைபிள்ல எபிரெயருக்கு எழுதின கடிதத்தை யாரு எழுதினாங்கன்னும் தெரியாது. அதையும் படிக்கத்தானே செய்றோம்?"

"அதுல பேரே போடலை. இதுல முதல் வரியிலயே பவுல்னு போட்டிருக்கு. அப்போ பொய்யா?"

"அந்தக் காலத்துல குருவோட பேர்ல சீடர்கள் எழுதறது உண்டு..."

"என் பேர்ல என் மருமகன் கையெழுத்துப் போட்டா அதுக்கு வேற பேரு வச்சிருக்கோம்."

மறுபடியும் சிரிப்பு. நான் மேசைக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாளின் நான்காம் பக்கத்தில், அவன் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் இருந்தது.

அப்போது எல்டன் எழுந்தார். சபையை நடத்தும் மூப்பர்களிலேயே மூத்தவர், எழுபத்தெட்டு வயது. அவர் மனைவி லவெர்ன் நோயில் கிடந்த நான்கு மாதமும் பக்கத்தில் இருந்தவள் மார்லிஸ். அவர் இவள் பக்கம்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"ஏம்மா, ஓட்டத்தை முடிச்சேன், விசுவாசத்தைக் காத்துக்கிட்டேன்னு லவெர்ன் கல்லறைக் கல்லுல வெட்டியிருக்கோமே, அது திமோத்தேயுவுக்கு எழுதின ரெண்டாவது கடிதம். அதுவுமா பவுல் எழுதலை?"

நான் அவள் காலை மிதித்தேன். அந்தக் கடிதத்தைப் பற்றி அறிஞர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு என்று எனக்கே சொல்லியிருக்கிறாள். அதைச் சொன்னால் போதும்.

"அதுவும் அவர் எழுதலைன்னுதான் நான் நினைக்கிறேன், எல்டன்."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

அவள் மேடையேற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆதரவாக இருபத்தொன்று, எதிராகப் பதினேழு; ஐந்து வாக்குக் குறைந்து தோற்றோம். கூட்டத்தை நடத்தியவர் முடிவைப் படித்துவிட்டு, அதே மூச்சில், "அடுத்த ஞாயிறு வழக்கம்போல மார்லிஸ் பகிர்ந்துக்குவாங்க" என்றார். யாருக்கும் அது விநோதமாகத் தெரியவில்லை.

வண்டியில் நான் கத்தினேன். "அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மழுப்பியிருக்கக் கூடாதா?"

"பொய் சொல்லி மேடை ஏறவா? அப்புறம் அந்தக் கடிதம் எழுதினவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள்.

செவ்வாய் மதியம் எல்டன் வந்தார். மார்லிஸ் தக்காளி உரித்துப் புட்டியில் அடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னதற்கு வேண்டாமென்று, தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசற்படியிலேயே நின்றார்.

"அந்த ரெண்டாவது கடிதத்தை மூணு தடவை படிச்சேன்" என்றார். "கடைசியில, துரோவாவுல ஒருத்தர்கிட்ட விட்டுட்டு வந்த மேலங்கியை எடுத்துட்டு வரச் சொல்றாரு. குளிர்காலத்துக்கு முன்னாடி வந்துடுங்கறாரு."

"ஆமா."

"அடுத்தவன் பேர்ல எழுதறவனுக்கு மேலங்கி எதுக்கும்மா? குளிர்ல நடுங்குறவன்தானே கேப்பான்?"

"நிஜம்னு நம்ப வைக்கறதுக்காக அப்படிச் சேர்ப்பாங்கன்னு சொல்றாங்க..."

"அவங்க சொல்றது இருக்கட்டும். நீ என்ன சொல்ற?"

அவள் கத்தியை எடுத்து இன்னொரு தக்காளியை உரித்தாள். எல்டன் அவளையே பார்த்தார். வாதத்தில் ஜெயித்தவர் முகமாக அது இல்லை. பதில் வேண்டி வந்தவர் முகம். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "எப்படி ஓட்டுப் போட்டேன்னு நீ கேக்கவே இல்லையே" என்றார். அவள் அப்போதும் கேட்கவில்லை. வண்டி சரளைச் சாலையில் திரும்பிப் போனது.

மார்லிஸ் கத்தியைப் பாத்திரத் தொட்டியில் எறிந்தாள். "பன்னெண்டு வருஷம், டுவேன்! அந்த மேலங்கியை ஒரே ஒரு அடிக்குறிப்புல தள்ளி விட்டுட்டேன். ரெண்டு வரி."

ஆறிக்கொண்டிருந்த புட்டிகளின் மூடிகள் ஒவ்வொன்றாக 'டக்' என்று உள்வாங்கின. அவள் கம்பிவலைக் கதவருகே போய் நின்றாள். தக்காளிச் சாறு மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு இறங்கித் தரையில் சொட்டியது. அதைத் துடைக்காமல், சாலையில் இன்னும் அடங்காமல் நின்ற புழுதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.