ரேடியோவுக்குத் தொண்டை கட்டியபோது

ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் அந்தச் சின்னக் கம்பெனியில் மொத்தம் பதினொரு பேர். அவர்களில் இரண்டு பேருக்குத்தான் பட்டப்பெயர் உண்டு. பாகங்களைக் கட்டிலாகப் பூட்டி, எண்ணெய் விட்டு, ஆட்டிப் பார்த்து வெளியே அனுப்புகிறவளுக்கு ஸ்பேனர் என்று பெயர். காலையில் வந்து மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்வரை அவள் பேசும் சொற்களை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதிவிடலாம். மெத்தைக்கு உறை தைப்பதும் ஃபோன் எடுப்பதும் இன்னொருத்தியின் வேலை. அவளுக்கு ரேடியோ என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை. பதினான்கு வருடமாக ஒருத்தி பேச, ஒருத்தி கேட்க, அந்த நட்பு எந்தத் தகராறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பெருநகரத்தில் மருத்துவக் கருவிகளுக்காக மூன்று நாள் கண்காட்சி நடந்தது. முதலாளி முதல்முறையாக அதில் ஒரு ஸ்டால் பிடித்திருந்தார். அவரே போவதாகத்தான் இருந்தது. ஆனால் மகளுக்குப் பிரசவ தேதி முன்னே வந்துவிட, மனுஷனுக்குக் கை கால் ஓடவில்லை. கடைசியில் இவர்கள் இருவரையும் அனுப்புவதென்று முடிவானது. ரேடியோ முன்னால் நின்று பேச வேண்டும். ஸ்பேனர் கட்டிலைப் பூட்டிவிட்டு நோயாளியாக அதில் படுத்துக்கொள்ள வேண்டும். வெறும் கட்டிலை யார் திரும்பிப் பார்ப்பார்கள், ஆள் படுத்திருந்தால்தான் கண் போகும் என்பது முதலாளியின் கணக்கு.

ஸ்பேனருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கழுத்துவரை போர்வை, மூன்று நாள் ஓய்வு, யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். ரேடியோவுக்கோ தலைகால் புரியவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் புருஷன் பிள்ளைகள் இல்லாமல் அவள் ஊர் தாண்டுவது இதுதான் முதல் தடவை. மாமியாரைக் கெஞ்சி வீட்டுக்கு வரவழைத்து, புருஷனிடம் ஒற்றைக் காலில் நின்று அனுமதி வாங்கியிருந்தாள்.

ஒன்பது மணி நேர ரயில் பயணம். ரேடியோ ஜன்னலோரம் உட்கார்ந்து, முகத்தில் அறையும் காற்றையும் மீறிப் பேசினாள். எதிர் இருக்கைக் குடும்பத்துக்குத் தன் கொழுந்தனார் கல்யாணத்தில் நடந்த சண்டையை முதலிலிருந்து சொன்னாள். பாதியில் ஏறியவர்களுக்காக மறுபடி முதலிலிருந்து சொன்னாள். தொண்டை வறளும்போதெல்லாம் ஐஸ் போட்ட ஜூஸ் வாங்கிக் குடித்தாள். சாயங்காலம் லாட்ஜுக்கு வந்து, இரண்டு கட்டிலும் ஒரு கண்ணாடியும் மட்டுமே கொண்ட அறையில், கண்காட்சியில் பேச வேண்டியதை எட்டு முறை ஒத்திகை பார்த்தாள். எட்டாவது முறை கேட்டுக்கொண்டே ஸ்பேனர் தூங்கிப்போனாள்.

காலையில் ரேடியோ வாயைத் திறந்தாள். காற்று வந்தது. சத்தம் வரவில்லை.

விளையாடுகிறாள் என்றுதான் ஸ்பேனர் நினைத்தாள். ரேடியோ தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி, கட்டில் விளிம்பைத் தட்டினாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கடகடவென்று எழுதி நீட்டினாள். 'முதலாளிக்குச் சொல்லாதே. சொன்னால் இனி என்னை எங்கும் அனுப்பமாட்டார். நீ பேசு. நான் படுக்கிறேன்.' 'நீ பேசு' என்பதன் கீழே இரண்டு கோடு.

ஸ்பேனர் தாளை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "நான் படுக்கத்தானேடி வந்தேன்" என்றாள்.

ரேடியோ அதற்கும் ஏதோ எழுத ஆரம்பித்தாள். பக்கம் நிரம்பி மறுபக்கம் போவதைப் பார்த்ததும் ஸ்பேனர் எழுந்து குளிக்கப் போய்விட்டாள். மறுப்பதற்கும் நாலு வார்த்தை பேச வேண்டுமே.

கண்காட்சி அரங்கம் ரயில் நிலையம்போல அகலமாக இருந்தது. அவர்களுடைய ஸ்டாலுக்கு இடப்பக்கம் சக்கர நாற்காலிக் கடை. வலப்பக்கம் கையுறை விற்கும் ஒரு பருத்த மனிதர், சட்டைக் காலரில் மைக் மாட்டிக்கொண்டு மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் அரை மணியில் கட்டிலைப் பூட்டி முடித்தாள். ரேடியோ ஏறிப் படுத்து, போர்வையை இழுத்து, முகத்தை நோயாளிபோல வைத்துக்கொண்டாள். அதுவரை எல்லாம் சரிதான். பிறகு முதல் ஆள் வந்து நின்றார்.

"இது கட்டில்" என்றாள் ஸ்பேனர்.

அவர் தலையாட்டிவிட்டு மேலே கேட்கத் தயாராக நின்றார். ஸ்பேனர் கட்டிலைக் கைகாட்டினாள். "மேல போகும். கீழ வரும்." இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும்போலத் தோன்றியதால், "நல்லாருக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

கட்டிலில் ரேடியோ நெற்றியில் கையை வைத்து முனகப் பார்த்தாள். முனகலும் வரவில்லை. நோயாளி நன்றாக நடிக்கிறார் என்று பாராட்டிவிட்டு அவர் கையுறைக்காரரிடம் போனார்.

கட்டில் கால்மாட்டில் நோயாளியின் சீட்டு மாட்டும் அட்டை ஒன்று தொங்கியது. ரேடியோ அதை எடுத்து 'சிரி' என்று எழுதிக் காட்டினாள். அடுத்து வந்தவரைப் பார்த்து ஸ்பேனர் சிரித்தாள். பல்வலியா என்று அவர் அக்கறையாக விசாரித்தார். மதியத்துக்கு மேல் ரேடியோவுக்குப் பொறுமை போய்விட்டது. போர்வைக்குள் ரிமோட்டை ஒளித்து வைத்துக்கொண்டு, யாராவது அருகில் வந்தால் தலைப்பக்கத்தைச் சட்டென்று உயர்த்தினாள். படுத்துக் கிடந்த பெண் வார்த்தையே இல்லாமல் எழுந்து உட்கார்ந்து முறைப்பதைப் பார்த்த ஒரு வயதான டாக்டர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சக்கர நாற்காலிக் கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். நாற்காலிக்காரர் அவரிடம் ஒரு வண்டியை விற்றே விட்டார்.

சாயங்காலம் முதலாளி ஃபோன் செய்தார்.

"எப்படிம்மா போச்சு?"

"போச்சு சார்" என்றாள் ஸ்பேனர்.

அவருக்கு மகிழ்ச்சி. ரேடியோவிடம் கொடுக்கச் சொன்னார். அவள் படுத்திருக்கிறாள் என்று ஸ்பேனர் சொன்னாள். பொய் இல்லை. பாவம், பேசிப் பேசிக் களைத்திருப்பாள் என்று அவரும் வைத்துவிட்டார்.

லாட்ஜுக்குத் திரும்பியதும் ரேடியோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் தோள் குலுங்குவதை ஸ்பேனர் கவனித்தாள். ரேடியோ அழுது அவள் பார்த்திருக்கிறாள், தெருவே கேட்கும்படி. சத்தமே இல்லாத அழுகையைப் பார்க்க அவளால் ஆகவில்லை. கீழே போய் வெந்நீர் வாங்கி, உப்புப் போட்டுக் கலக்கி, தோழியைத் தூக்கி உட்கார வைத்துக் கொப்பளிக்க வைத்தாள். நாளைக்குப் பேசிவிடுகிறேன் என்றாள். எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டாம் நாள் காலை பத்தரை மணி இருக்கும். சட்டையில் கடிகாரம் குத்திய ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் வந்து நின்றார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தலைமை நர்ஸ். அவர் ஸ்பேனரைப் பார்க்கவே இல்லை. நேராக ரேடியோ படுத்திருந்த கட்டிலுக்குப் போய், நோயாளி விழாமல் தடுக்கும் பக்கக் கம்பியின் தாழை விடுவித்துத் தடாலென்று கீழே விட்டார். கம்பி இறங்கியது. சத்தம் வரவில்லை. நர்ஸ் குனிந்து பார்த்தார். மேலே தூக்கி இன்னொரு முறை விட்டார்.

"சத்தத்தையே காணோமே. ஏன்?"

பதினான்கு வருடத்தில் ஸ்பேனரிடம் யாரும் 'ஏன்' என்று கேட்டதில்லை. எத்தனை கட்டில் ஆச்சு, எப்போது முடியும், இதெல்லாம்தான் கேட்டிருக்கிறார்கள்.

"எங்கப்பா ஏழு மாசம் ஆஸ்பத்திரில இருந்தாரு சிஸ்டர்" என்று ஆரம்பித்தாள். "கண்ணசந்தா போதும், யாராவது வந்து கம்பிய இறக்குவாங்க. குண்டு போட்ட மாதிரி சத்தம். அவரு தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்பாரு. அப்புறம் விடியற வரைக்கும் தூங்கமாட்டாரு. நானும்தான்."

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. தாழுக்குள் ரப்பர் வைத்ததைச் சொன்னாள். முதலில் வைத்த ரப்பர் கோடையில் இளகிக் கம்பியோடு ஒட்டிக்கொண்டது, அடுத்தது குளிரில் வெடித்தது, மூன்றாவதற்காகப் பழைய பைக் டயரிலிருந்து குளியலறைச் செருப்பு வரைக்கும் வெட்டிப் பார்த்தது, தம்பி மனைவி தன் புதுச் செருப்பைக் காணாமல் வீட்டைத் தலைகீழாக்கியது, எல்லாம் வந்தது. அப்பா இப்போது நன்றாக நடக்கிறார், நடப்பதோடு நிற்காமல் பக்கத்து வீட்டாரோடு சண்டைக்கும் போகிறார் என்ற தகவல்கூட வந்தது. கையுறைக்காரர் மைக்கை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

நர்ஸ் லேசில் மசிகிற ஆளில்லை. "விளக்கம் இருக்கட்டும். நெஜமாவே தூங்கறவங்களுக்கு இது கேக்காதா?" என்றார்.

அப்போதுதான் கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் பூனைக்குட்டிபோல மெல்லியதாக, பிறகு மரம் அறுக்கிற மாதிரி நன்றாகவே. ஒரு நாள் முழுக்கக் காணாமல் போயிருந்த ரேடியோவின் குரல் குறட்டையாகத் திரும்பி வந்திருந்தது. வீட்டில் தினமும் நாலரை மணிக்கு எழுந்து பழகியவள், கதகதப்பான போர்வைக்குள் இரண்டாம் நாளாகச் சும்மா கிடந்ததில், வாயில் ஈ போனாலும் தெரியாத தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் கம்பியை இறக்கினார். குறட்டை நிற்கவில்லை. ஏற்றி இறக்கினார். எதிர் ஸ்டாலிலிருந்து நாலு பேர் வந்தார்கள். அவர்களும் ஆளுக்கொரு தரம் இறக்கிப் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் கட்டிலைச் சுற்றி முப்பது பேர். எல்லாரும் குசுகுசுவென்றே பேசினார்கள், தூங்குகிறவளை எழுப்பிவிடக் கூடாதென்று. இது நடிப்புதானே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"நடிக்கச் சொல்லித்தான் படுக்க வெச்சேன் சார். அவ தூங்கிட்டா" என்றாள் ஸ்பேனர்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ரேடியோ விழித்துக்கொண்டாள். முப்பது முகங்களைப் பார்த்ததும் அவசரமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு நோயாளியாக நடிக்கப் பார்த்தாள். சிரிப்பு இரண்டு மடங்கானது.

நர்ஸுக்கு ஒரு குறையும் தென்பட்டது. கட்டிலை உயர்த்தும் கால் மிதி ரொம்ப மேலே இருக்கிறது, குட்டையான நர்ஸ்களுக்கு எட்டாது என்றார். ஸ்பேனருக்கு அவமானமாக இருந்தது. தன் உயரத்துக்கு வைத்ததை இதுவரை யோசித்ததே இல்லை. உடனே தரையில் படுத்துக் கட்டிலுக்கடியில் நுழைந்தாள். ரேடியோவைச் சுமந்தபடியே கட்டில் ஆடியது. கால் மணியில் மிதி மூன்று விரல் கீழே இறங்கியிருந்தது. முகமெல்லாம் எண்ணெயோடு அவள் வெளியே வந்தபோது, சோதனைக்காக இரண்டு கட்டில் தன் வார்டுக்கு அனுப்பச் சொல்லி நர்ஸ் முகவரியை எழுதிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் ரேடியோவுக்குக் குரல் பாதி திரும்பியது. துருப்பிடித்த கதவு பேசுவதுபோல இருந்தாலும் குரல் குரல்தானே. தலையை வாரிக்கொண்டு, இன்றைக்கு நான் நிற்கிறேன், நீ படுத்துக்கொள் என்றாள். ஆசைப்பட்ட ஓய்வு கைக்கு வந்தும் ஸ்பேனருக்கு அது பிடிக்கவில்லை. போர்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

ரேடியோ அதைக் கவனித்துவிட்டுச் சீப்பைப் பைக்குள் போட்டாள். பிறகு, "எனக்கு இன்னும் தொண்டை சரியாகலடி" என்று கரகரத்துவிட்டுக் கட்டிலில் ஏறிக்கொண்டாள். ஆனாலும் சும்மா இருக்கவில்லை. வருகிறவர்களைப் படுத்தபடியே கைதட்டிக் கூப்பிட்டு, கட்டிலைச் செய்தவளே இங்கே நிற்கிறாள், அவளிடம் கேளுங்கள் என்று அனுப்பினாள்.

மதியம் முதலாளி கூப்பிட்டார். பேத்தி பிறந்திருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தில் ரேடியோவின் குரலைக் கேட்டும் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஸ்பேனர் ஃபோனை வாங்கி, முதல் நாளிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். ரேடியோ பக்கத்தில் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவ்வளவு நேரம் பேசியது ஸ்பேனர்தானா என்று அவர் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

"அடுத்த தடவையும் ரெண்டு பேருமே போங்க. யாருக்குத் தொண்டை கட்டினாலும் பரவாயில்ல" என்றார் கடைசியில்.

கட்டிலை லாரியில் ஏற்றிவிட்டபோது மணி மூன்று. ரயில் ஏழுக்குத்தான். ஊர் பார்க்க ரேடியோ போட்டு வைத்திருந்த பட்டியலில் எதற்கும் நேரம் போதாது. ஆகவே முதலில் வந்த இரட்டை மாடி பஸ்ஸில் ஏறி, மேல்மாடியில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள். கண்ணாடிக் கட்டடங்களும் பாலங்களும் அவர்கள் மடியில் வந்து விழுவதுபோல வந்தன. பக்கத்து இருக்கைப் பெண் எந்த ஊர், என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டதுதான் தாமதம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். ரேடியோவுக்குக் குரல் அறுந்த இடத்தில் ஸ்பேனர் பிடித்துக்கொண்டாள். ஸ்பேனர் ரப்பர் கதையில் சிக்கிக்கொண்ட இடத்தில் ரேடியோ குறுக்கே வந்து, குறட்டை வந்த இடத்துக்குக் கதையை இழுத்துப் போனாள். அந்தப் பெண் இறங்கிப் போன பிறகும் பேச்சு தொடர்ந்தது. டிரைவர் மாடிக்கு வந்து, பஸ் டிப்போவுக்குள் நின்று பத்து நிமிடம் ஆகிறது என்று சொன்ன பிறகுதான் இருவரும் வெளியே பார்த்தார்கள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினார்கள். இன்னொரு பஸ், ஒரு சுரங்கப்பாதை, தப்பான பிளாட்பாரம், மறுபடி படிக்கட்டு. நகரத் தொடங்கிய வண்டியின் கடைசிப் பெட்டியில் ஸ்பேனர் தாவி ஏறி, ரேடியோவின் கையைப் பிடித்து இழுத்துப் போட்டாள். வாசலிலேயே சரிந்து உட்கார்ந்து இருவரும் மூச்சு வாங்கினார்கள். பஸ்ஸில் முதலில் பேச ஆரம்பித்தது யார், யாரால் இறங்க வேண்டிய இடம் தவறியது என்று அங்கேயே வாக்குவாதம் தொடங்கியது. ஊர் வந்து சேர்ந்தும் அது முடிந்தபாடில்லை.